பெற்றோர் குருதியும் பிள்ளைகளின் நரம்பும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், ஜூரோங் வட்டாரத்தில் உள்ள பூன் லே ஒரு மனிதரின் பெயரால் வழங்கும் ஊர். 1852இல் பிறந்து 1933இல் மறைந்த சியூ பூன் லே என்னும் வணிகர் இங்கே பரந்த நிலங்களுக்கு உரியவராக இருந்தார். காம்பியரும் மிளகும் முதலில் பயிராயின. பின்னர் ரப்பர் வந்தது. ரப்பர் சென்ற இடமெல்லாம் தமிழனும் சென்றான் என்பது மலாயா நாட்டு வரலாற்றில் பொதுவிதி போன்றது. 1961இல் அரசாங்கம் ஜூரோங்கைத் தொழில் நகரமாக்கத் துணிந்தது. சதுப்பு நிலங்கள் மேடாயின, மேடுகள் தரைமட்டமாயின, தோட்டங்கள் இருந்த இடங்களில் ஆலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. 1990இல் பெருவிரைவு ரயிலும் பூன் லே வரை வந்து சேர்ந்தது. பால்மரம் சீவிய பாட்டன், இரவும் பகலும் முறைமாற்றி ஆலையில் உழைத்த தந்தை, குளிரூட்டிய அறையில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் மகன் என மூன்று தலைமுறைகளுக்குள் மூன்று வகை வாழ்க்கையைக் கண்ட குடும்பங்கள் இவ்வூர்ப் பக்கத்தில் உண்டு.

இம்மூன்றாம் தலைமுறைப் பிள்ளை உடற்சோதனைக்கென மருந்தகம் செல்லும்போது, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளவெடுப்பர். அளவு சரியாகவே இருக்கும். ஆயினும் ஒரு கேள்வி தொடரும்: தாய்க்கோ தந்தைக்கோ இரத்தக் கொதிப்பு உண்டா? உண்டு எனப் பிள்ளை விடை கூற, அது குறித்து வைக்கப்படும். நோயில்லாத இருபது வயதுப் பிள்ளையிடம் பெற்றோரின் நோயைப் பற்றிக் கேட்பதன் காரணம் யாது? இக்கேள்வி ஒரே நாளில் தோன்றியதன்று. குதிரையின் தமனியில் தொடங்கிப் பனிநீர்க் கிண்ணம், பள்ளிக்கூடத்து மனக்கணக்கு எனப் பலவற்றைத் தாண்டிப் புதுச்சேரி மருத்துவக் கல்லூரி வரை வந்த நீண்ட வரலாறு இதற்கு உண்டு.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மருத்துவ நூல்கள் இதனை மிகை இரத்த அழுத்தம் என்கின்றன. மக்கள் வழக்கு இரத்தக் கொதிப்பு என்பதே. இரத்தம் கொதிப்பதில்லை என்றும், சினம் உடையார்க்கும் சாந்தம் உடையார்க்கும் இந்நோய் ஒப்ப வரும் என்றும் மருத்துவர் திருத்துவர். அத்திருத்தம் சரியே. எனினும், உள்ளத்தின் கொந்தளிப்புக்கும் குருதியின் அழுத்தத்துக்கும் உறவு உண்டு என்று ஊகித்த பாமரர் சொல் முற்றும் பிழையானதன்று என்பதை இவ்வரலாறே காட்டும்.

குருதிக்கு அழுத்தம் உண்டு என்பதை அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். 1733இல் அவர் வெளியிட்ட நூல், குதிரையின் தொடைத் தமனியில் குழாயைச் செருகி, மேலே பொருத்திய கண்ணாடிக் குழாயில் குருதி 8 அடிக்கு மேல் ஏறி நின்றதைக் கூறுகிறது. மனிதரிடம் இவ்வாறு அளத்தல் இயலாது. எனவே 1896இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி கைப்பட்டையை அமைக்கும் வரையிலும், 1905இல் ரஷ்யர் கொரொட்கோவ் குழாய்வழி ஒலி கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் பிரித்தறியும் முறையைக் கூறும் வரையிலும் உலகம் காத்திருக்க நேர்ந்தது. இக்கருவியை விரைந்து பற்றிக்கொண்டவர்களுள் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தாரும் இருந்தனர் என்பது சுவையான செய்தி. அழுத்தம் மிக்கோர் முன்னரே இறக்கின்றனர் என்பதைப் பணம் கட்டியவர் பட்டியலிலிருந்து அவர்கள் கண்டுகொண்டனர். மருத்துவருள் பலரோ, முதுமையில் தடித்துவிட்ட குழாய்களில் குருதியைச் செலுத்த உடல் தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது, அதனைத் தொடாதிருப்பதே நன்று என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

குழாய்களைச் சுருக்குவதும் விரிப்பதும் எது? இதற்கு விடை 1850களிலேயே கிடைத்தது. பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார்ட், முயலின் கழுத்தில் செல்லும் ஒரு நரம்பை அறுத்தபோது அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. நரம்பின் கட்டளை நின்றதும் குழாய்கள் தளர்ந்து குருதி பெருகியதே அதன் பொருள். அந்நரம்பை மின்னால் தூண்டியபோது காது வெளிறியது. இதற்குச் சில ஆண்டுகள் முன், 1845இல், வேபர் உடன்பிறந்தார் இருவர், மூளையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு தாழ்ந்து நின்றே போகும் என்பதைக் காட்டியிருந்தனர். ஆக, ஒன்று முடுக்கும் நரம்பு. மற்றொன்று அடக்கும் நரம்பு. குதிரைக்குச் சவுக்கும் கடிவாளமும் போல இரண்டும் சேர்ந்தே இதயத்தையும் குழாய்களையும் ஆள்கின்றன. நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்கும் இவ்வமைப்பினைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி 1898இல் தன்னாட்சி உடைய நரம்பு மண்டலம் என்று பெயரிட்டழைத்தார். தமிழ் நூல்கள் தானியங்கு நரம்பு மண்டலம் என்கின்றன.

முடுக்கும் நரம்புக்குத் தமிழில் பரிவு நரம்பு என்று பெயர். தமிழாசிரியர்க்கு இச்சொல் வியப்பளிக்கக்கூடும். ஓடவும் போரிடவும் உடலைத் தூண்டும் நரம்புக்குப் பரிவோடு என்ன தொடர்பு? உடலின் ஓர் உறுப்பு வருந்தினால் மற்றொன்றும் உடன்வருந்துகிறது, அவ்வுறவைத் தாங்கிச் செல்லும் நரம்புகள் உள்ளன என்ற பழைய ஐரோப்பியக் கருத்தையொட்டி 1732இல் வின்ஸ்லோ என்பார் இட்ட பெயரின் மொழிபெயர்ப்பே இது. கருத்து மறைந்தது, பெயர் நிலைத்தது. உண்மையில், இந்நரம்புகளின் செயலைத் தமிழர் வேறொரு துறையில் கண்டிருக்கின்றனர். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், அச்சமும் வெகுளியும் உவகையும் உள்ளத்தில் நிகழும்போது அவை உடம்பில் புலப்படும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. மயிர் சிலிர்த்தலையும் நடுங்குதலையும் வியர்த்தலையும் உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். சிலிர்ப்பும் வியர்வையும் பரிவு நரம்பின் வேலை. இலக்கணம் எழுதியவர் உடலியல் எழுதினார் என்று கூறுதல் மிகை. ஆனால் உள்ளத்து நிகழ்ச்சிக்கு மெய் சான்று பகரும் என்னும் கருத்தே பின்னால் வந்த சோதனைகள் யாவற்றுக்கும் வேர்.

பரிவு நரம்பே அழுத்தத்தை உயர்த்துகிறதெனின், அதனை அறுத்தெறிந்தால் என்ன? 1940களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்மித்விக் முதலியோர் அவ்வாறே செய்தனர். முதுகின் வழியே நுழைந்து பரிவு நரம்புத் தொடரின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர். பலருக்கு அழுத்தம் தாழ்ந்தது. ஆனால் எழுந்து நின்றால் மயங்கி விழும் துன்பமும் வந்தது. இதைவிட எளிய வழி இந்தியாவிலிருந்து கிடைத்தது. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நம் நாட்டு மருத்துவர் மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் வழங்கிவந்தனர். 1931இல் வங்கத்தைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அது குருதி அழுத்தத்தையும் தணிக்கும் என்று எழுதினர். உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் தம் நோயாளர் அனுபவத்தை வெளியிட்ட பின்னரே மேனாட்டார் திரும்பிப் பார்த்தனர். 1952இல் சுவிட்சர்லாந்து வேதியியலார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். அது பரிவு நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நாரட்ரினலின் என்னும் வேதிப்பொருளைக் காலிசெய்துவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது. அப்பொருள்தான் பரிவு நரம்பின் தூது என்பதை 1946இல் சுவீடன் நாட்டு வான் ஆய்லர் காட்டியிருந்தார். மனத்தைத் தணித்த வேரே குருதியையும் தணித்ததற்குக் காரணம் இதுவே. மிகுதியாக உண்டவர் சிலர் மனச்சோர்வில் ஆழ்ந்ததால் அம்மருந்து நாளடைவில் பின்தள்ளப்பட்டது. எனினும் நரம்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை மறுக்க இயலாதபடி நிறுவிய பெருமை அவ்வேருக்கு உண்டு.

இனி மரபுரிமையின் பக்கம் திரும்பலாம். இந்நோய் குடும்பத்தில் வருகிறது என்பதை 1920கள் முதலே மருத்துவர் எழுதிவந்தனர். எவ்வாறு வருகிறது என்பதில்தான் போர் மூண்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பேராசிரியர் ராபர்ட் பிளாட், 1947இல் தொடங்கி, இது தனியொரு நோய், ஒரே மரபுக்கூற்றால் இறங்குவது, மக்களில் நோயுடையோர் வேறு, இல்லாதோர் வேறு என்று வாதிட்டார். ஜார்ஜ் பிக்கரிங் இதனை மறுத்தார். உயரத்தைப் போன்றதே அழுத்தம். நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் இடையே வேலி இல்லாததுபோல் இங்கும் வேலி இல்லை. பல மரபுக்கூறுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒருவரை மேலேயோ கீழேயோ நிறுத்துகின்றன என்றார். 1954இல் பிக்கரிங்கும் உடனாய்வாளரும் வெளியிட்ட குடும்ப அளவீடுகள் அவர் பக்கம் நின்றன. வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் வீடு வீடாகச் சென்று உறவினர் அழுத்தத்தை அளந்த மியல், ஓல்டம் ஆகியோரின் முடிவுகளும் அவ்வாறே அமைந்தன. 2018இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் மரபணுக்களை ஆராய்ந்த பெருந்திட்டம், அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் 900க்கும் மேல் உள்ளன எனக் கண்டது. பிளாட்டின் ஒற்றைக் கூறு அதற்கு முன்பே மறைந்துவிட்டது.

இது ஏட்டுச் சண்டையன்று. பிளாட் கூற்றின்படி, பெற்றோரின் நோய் பிள்ளைக்கு வந்திருக்கிறது, அல்லது வரவில்லை. வந்திருந்தால் அது விதி. பெண் பார்க்கும் வீட்டில் நோயை மறைக்கும் குடும்பங்கள் தம்மை அறியாமலே பிளாட்டின் கட்சியில் நிற்கின்றன. பிக்கரிங் கூற்றின்படி பிள்ளை பெறுவது நோய் அன்று, ஒரு சாய்வு. சாய்வாயின், அது எதனுடைய சாய்வு? எந்த வயதில், எங்கே தென்படும்? பிள்ளைகளின் நரம்பைச் சோதிக்கும் ஆராய்ச்சி இங்கேதான் பொருள் பெறுகிறது.

இதற்கான கருவி முன்னமே இருந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்கர் ஹைன்ஸ், ஜார்ஜ் பிரௌன் ஆகிய இருவரும் 1932இல் ஒரு சோதனையை வகுத்தனர். ஒருவரைப் படுக்கவைத்து இளைப்பாறச் செய்து, ஒரு கையை மணிக்கட்டுவரை 4 பாகை வெப்பமுள்ள பனிநீரில் ஒரு நிமிடம் வைத்திருக்கச் செய்வர். மற்றக் கையில் அழுத்தத்தை அளப்பர். குளிரின் வலி பரிவு நரம்பைத் தட்டியெழுப்பும், குழாய்கள் சுருங்கும், அழுத்தம் உயரும். எல்லார்க்கும் சிறிது உயர்கிறது. சிலருக்கு மட்டும் மிக உயர்கிறது. 1936இல் அவர்கள் 571 பேரின் அளவீடுகளை வெளியிட்டனர். அழுத்தநோய் உடையோரிடம் மட்டுமன்றி, நோயற்றோராயினும் அந்நோய்க் குடும்பத்தில் பிறந்தோரிடமும் இம்மிகையுயர்வு அடிக்கடி காணப்படுவதை ஹைன்ஸ் வற்புறுத்தினார். இவர்களே நாளைய நோயாளர் என்பது அவர் துணிபு. துணிபு மெய்யா என்பதைக் காலம்தான் கூறவேண்டும். காலத்தைக் காத்திருந்து பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த கரோலின் பெடல் தாமஸ் என்னும் அம்மையார். தம் பள்ளியில் 1948 முதல் 1964 வரை பட்டம் பெற்ற மாணவர்களை, அவர்கள் இளைஞராயும் நலமாயும் இருக்கும்போதே அளந்து வைத்தார். பெற்றோர் நோய்களைக் கேட்டு எழுதினார். பனிநீரில் கைவைக்கச் செய்தார். பிறகு ஆண்டுதோறும் மடல் எழுதி அவர்கள் நலம் அறிந்துகொண்டே வந்தார். மருத்துவ மாணவரைத் தேர்ந்தது கூரிய அறிவு. தம் உடல்நிலையைத் துல்லியமாக எழுதி அனுப்பக்கூடியவர்கள் அவர்களே அல்லரோ? விடை 1989இல் வெளிவந்தது. 910 ஆண்களைத் தொடர்ந்து பார்த்ததில், மாணவப் பருவத்தில் பனிநீருக்கு மிகுதியாக எதிர்வினை காட்டியவர்க்குப் பிற்காலத்தில் அழுத்தநோய் மிகுதியாக வந்திருந்தது. எடையையும் புகைப்பழக்கத்தையும் பெற்றோர் நோயையும் கணக்கில் கொண்ட பின்னும் இத்தொடர்பு மறையவில்லை. ஆயினும் அவ்வேறுபாடு புலப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அதே மாணவரைப் பற்றி 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெற்றோர் இருவருமே 55 வயதுக்குள் அழுத்தநோய் உற்றிருந்தால், நோயற்ற பெற்றோரின் மக்களைவிட அவர்தம் புதல்வர்க்கு வாழ்நாளில் ஏறத்தாழ 6 மடங்கு இடர் உண்டு எனக் கணக்கிட்டது. மருந்தகத்தில் கேட்கப்படும் அந்த ஒரு கேள்வியின் எடை இதுதான்.

பனிநீர் உடல் துன்பம். மனத்துன்பம் என்ன செய்யும்? ஆசிரியர்கள் இதனைக் கேட்டு முறுவலிக்கலாம். ஆராய்ச்சியாளர் தேர்ந்த கருவி மனக்கணக்கு. ஒரு பெரிய எண்ணிலிருந்து ஒரு சிறிய எண்ணைத் திரும்பத் திரும்ப விரைவாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வது வழக்கம். தவறினால் திருத்துவர், தாமதித்தால் விரட்டுவர். 1979இல் பொனிட்டா பாக்னர் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், அழுத்தநோயுள்ள பெற்றோரின் வளரிளம் பிள்ளைகளுக்கு மனக்கணக்கின்போது நாடித் துடிப்பும் அழுத்தமும் மற்றப் பிள்ளைகளைவிட மிக உயர்ந்தன. உயர்ந்தவை விரைவில் தணியவும் இல்லை. பிரம்பும் கையுமாக வாய்பாடு கேட்ட பழைய வகுப்பறையில் எத்தனை பிள்ளைகளுக்கு இவ்வாறு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் என்பதை அளந்தவர் இல்லை.

1983இல் கேத்தலின் லைட் முதலியோர் கண்டது இன்னும் நுட்பமானது. ஒரு மணி நேரம் போட்டிக்கணக்கில் ஈடுபடுத்தப்பட்ட இளைஞருள், அழுத்தநோய்க் குடும்பத்தைச் சேர்ந்தவரும் எல்லையோர அழுத்தம் உடையவருமான சிலருக்குச் சிறுநீரில் உப்பு வெளியேறுவது குறைந்தது. அவர்களுள்ளும் யாருக்கு நாடி மிக விரைந்ததோ அவர்க்கே உப்பு மிகுதியாகத் தங்கியது. பரிவு நரம்பு இதயத்தை முடுக்குவதோடு நில்லாமல் சிறுநீரகத்தையும் பிடித்து உப்பைப் பூட்டி வைக்கிறது. உப்பும் உளைச்சலும் இரு வேறு பகைவர் என்று நாம் எண்ணியிருக்க, அவை ஒரே வாயில் வழியாக நுழைகின்றன.

சுவீடனில் 1960களில் ஹாக்பார்த், வால்போ ஆகியோர் உயிருள்ள மனிதரின் நரம்பிலேயே மெல்லிய ஊசியைச் செலுத்தி அதன் துடிப்புகளைப் பதிவுசெய்யும் முறையை உருவாக்கியிருந்தனர். 1996இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் இம்முறையால் அழுத்தநோயாளரின் நலமுள்ள மக்களைச் சோதித்தபோது, மன அழுத்தத்தின்போது பரிவு நரம்பின் துடிப்பே மிகுவதைக் கண்டனர். கைப்பட்டையில் கண்டதற்கு நரம்பே நேரில் சான்று கூறிற்று.

துடிப்பு மிகுந்து பின் தணிந்துவிடுமாயின் நோய் எங்கிருந்து வரும்? சுவீடன் உடலியலார் பியோர்ன் போல்கோவ் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். அடிக்கடி உயரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சிறு தமனிகளின் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் உட்புழையைக் குறுக்குகிறது. குறுகிய குழாயில் சிறிய முடுக்கத்துக்கும் அழுத்தம் பேரளவில் உயர்கிறது. சுமை தூக்குவோன் தோள் காய்த்துப்போவது போலக் குழாயும் காய்த்துப்போகிறது எனலாம். தொடக்கத்தில் நரம்பால் வந்தது, பின்னர் நரம்பு ஓய்ந்தாலும் நிற்கும். 1963இல் கியோட்டோ நகரில் ஒகமோட்டோவும் அவோகியும் வளர்த்தெடுத்த, பிறவியிலேயே அழுத்தம் ஏறும் எலியினத்தில் நடந்த ஆய்வுகள் இதற்குத் துணைநின்றன.

மேற்கூறிய பால்டிமோர் மாணவர் அனைவரும் வெள்ளையர், அனைவரும் ஆண்கள். அவர்களுக்குப் பொருந்தியது தமிழர்க்கும் பொருந்துமா என்பது நியாயமான ஐயம். அதனால்தான் புதுச்சேரியில் நடந்த ஆய்வு நமக்கு அண்மையது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நிறுவனத்தில், உடலியல் பேராசிரியர் ஜி. கே. பால் தலைமையில் ஒரு குழுவினர் அழுத்தநோயாளரின் மக்களைச் சோதித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். அங்கே வழங்கிய கருவி பனிநீருக்கும் ஊசிக்கும் மாறானது. இதயம் கடிகாரம்போல் ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சற்று விரைந்தும் வெளிவிடுகையில் சற்றுத் தயங்கியும் அடிக்கிறது. இந்தத் தயக்கம் வேகஸ் நரம்பின் கைவண்ணம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியைத் தொடர்ந்து பதிந்து, அதன் ஏற்றத்தாழ்வைக் கணித ஆய்வுக்கு உட்படுத்தினால், சவுக்கும் கடிவாளமும் எந்த அளவில் இழுக்கின்றன என்பதை மதிப்பிடலாம். நலமாயுள்ள பிள்ளைகளிடமே, பெற்றோர்க்கு அழுத்தநோய் இருந்தால், தராசு பரிவு நரம்பின் பக்கம் சாய்ந்து குழாய்களின் இறுக்கமும் மிகுந்திருந்ததை அக்குழுவினர் கண்டனர். கடிவாளம் தளர்வதும் சவுக்கு ஓங்குவதும் சேர்ந்தே நிகழ்கின்றன என்பது இவ்வகை ஆய்வுகளின் தனிச்செய்தி. பழைய பனிநீர்ச் சோதனை சவுக்கை மட்டுமே கண்டது.

இந்திய மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இத்தகைய சோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றுக்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. எடின்பரோ நகரில் நீரிழிவு நோயாளர்க்காக ஈவிங்கும் கிளார்க்கும் தொகுத்த முறைகளே போதும். நிமிடத்துக்கு 6 முறை ஆழ மூச்சு விடச்செய்தல், படுத்தவரை எழுந்து நிற்கச்செய்தல், முழு வலிமையில் 30 விழுக்காட்டோடு ஒரு பிடியை விடாது அழுத்தச்செய்தல் என்னும் இவற்றை நாடிப் பதிவுக் கருவியும் கைப்பட்டையும் உள்ள எந்த அறையிலும் செய்யலாம்.

இங்கே எச்சரிக்கை தேவை. இவ்வேறுபாடுகள் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்த சராசரியில் தோன்றுபவை. தனியொரு பிள்ளையின் பதிவைப் பார்த்து இவன் நோயாளியாவான், இவள் ஆகாள் என்று யாரும் கூற இயலாது. சில ஆய்வுகள் வேறுபாடே காணவில்லை. துடிப்பு இடைவெளிக் கணிதத்தில் வரும் சில எண்களைப் பரிவு நரம்பின் அளவாகவே கொள்ளுதல் தகுமா என்பதிலும் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. பிக்கரிங் வேலி இல்லை என்று கூறியது நரம்புக்கும் பொருந்துகிறது. இக்குறிப்பை மறந்துவிட்டு, நலமுள்ள பிள்ளையை நோயாளி என்று முத்திரையிடுவோர் பிளாட்டின் பிழையையே மீண்டும் செய்கின்றனர்.

சிங்கப்பூர் நிலையை நோக்குவோம். இங்கு இந்தியரின் இதயத்தைப் பற்றி முதன்முதலாக உலகறிய எழுதியவர்களுள் ஒருவர் டி. ஜே. தனராஜ். பிற்காலத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரான இவர், சிங்கப்பூர்ப் பிணச்சோதனைப் பதிவேடுகளை உடனாய்வாளரோடு ஆராய்ந்து, 1959இல் அமெரிக்க இதயநோய் இதழில் வெளியிட்டார். இதயத் தமனி நோய் இந்தியரிடையே சீனரைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது அவ்வாய்வின் முடிவு. உலகெங்கும் குடியேறிய இந்தியரின் இதயநோய் பற்றி எழுதுவோர் இன்றும் அக்கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர். பின்வந்த ஆய்வுகள் மலாய்க்காரரிடையே அழுத்தநோய் மிகுதி என்றும், இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்றும் காட்டின. நம்மவர்க்கு அழுத்தநோய் இல்லை என்பது இதன் பொருளன்று. 2021-2022ஆம் ஆண்டுத் தேசிய மக்கள் சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 74 வயதுவரை உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் அழுத்தநோய் உடையவர்கள். அவ்வாறாயின், பெற்றோருள் ஒருவரேனும் இந்நோய் உடைய பிள்ளைகள் ஒரு சிறு பிரிவினர் அல்லர். வகுப்பறையின் பெரும்பகுதியே அவர்கள்தாம். மேலும், புதுச்சேரிக் குழுவினர் 2013இல் நீரிழிவு நோயாளரின் நெருங்கிய உறவினரிடமும் இதே நரம்புச் சாய்வைக் கண்டு எழுதியுள்ளனர். ஒரே வீட்டில் தாய்க்கு நீரிழிவும் தந்தைக்கு அழுத்தநோயும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது நினைவிற்கொள்ளத் தக்கது.

சாய்வு திருத்தக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு. பம்பாயில் தாத்தே முதலிய மருத்துவர்கள் 1969இலேயே சவாசனப் பயிற்சியால் நோயாளர் சிலரின் அழுத்தம் தணிந்ததை வெளியிட்டனர். லண்டன் புறநகரான குரோய்டனில் மருத்துவம் பார்த்த சந்திரா பட்டேல் என்னும் இந்திய அம்மையார் 1970களில் அதனை ஒப்பீட்டு முறையில் சோதித்து லான்செட் இதழில் எழுதினார். ஜிப்மரில் 2004இல் வெளியான ஆய்வு, மூன்று மாதம் மெதுமூச்சுப் பயிற்சி செய்தவரிடம் வேகஸ் நரம்பின் பங்கு மிகுந்ததைக் காட்டியது. நாள்தோறும் நடத்தலும், எடையைக் காத்தலும், உப்பைக் குறைத்தலும் இவற்றினும் உறுதியான சான்று உடையவை. வாயில் ஒன்றாயின் அதனைப் பல கைகளால் சாத்தலாம்.

பூன் லேயை அடுத்துள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2013இல் முதல் மாணவரைச் சேர்த்தது. அப்பள்ளி 2018இல் தொடங்கிய ஹீலியோஸ் என்னும் ஆய்வுத் திட்டம், 30 வயதுக்குக் குறையாத சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஏறத்தாழ 10,000 பேரைச் சேர்த்து, அவர்தம் குருதி அழுத்தம், மரபணு, வாழ்க்கைமுறை முதலியவற்றைப் பதிந்து வைத்திருக்கிறது. பால்டிமோர் மாணவர் பனிநீரில் கைவைத்ததற்கும் அதன் பொருள் விளங்கியதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் சென்றன. இப்பதினாயிரம் பேருள் எத்தனையோ பேர் இன்று பதினெட்டும் இருபதும் நிரம்பிய பிள்ளைகளின் பெற்றோர்.